கையைப் பிடித்து இழுத்தான்

ஊரப்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கீரை விற்கும் சாரதாம்பாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. ஓசியில் கொத்தமல்லி கேட்ட போலீஸ்காரரையே, "உன் பொண்டாட்டிய வந்து கேக்கச் சொல்லு" என்று துரத்தியவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வராமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் அன்றைக்குக் காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன்.

1999, ஆடி மாதம். அவள் மகள் பொற்கொடிக்கு இருபத்து மூன்று வயது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கம்பெனி வேன் ஓட்டும் ராமதாஸை எல்லாப் பெண்களும் 'அண்ணாத்த' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அண்ணாத்ததான் முந்தின நாள் மற்றவர்களை இறக்கிவிட்டு, பொற்கொடியை மட்டும் ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோனான். வீடு வந்தவள் அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. சாரதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். விடிந்ததும் புகார் கொடுக்கக் கிளம்பினாள். அதுவரைக்கும் சரி.

அவள் அண்ணன் முனிசாமி வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார். "எல்லாத்தையும் ஒடச்சி சொல்லிக்கினு இருக்காத. வூட்டு மானம் கப்பலேறிடும்."

மகளிர் காவல் நிலையத்தில் நாங்கள் பெயரைச் சொன்னதுமே ஆளனுப்பி ராமதாஸையும் கூட்டிவந்து ஓரமாக உட்கார வைத்தார்கள். ஏட்டம்மா பேனாவை எடுத்து, "என்னம்மா நடந்துச்சு?" என்று பொற்கொடியைக் கேட்டார். அவள் தலை நிமிர்வதற்குள் சாரதாம்பாள் முந்திக்கொண்டாள்.

"கையப் புடிச்சி இழுத்துட்டாம்மா."

எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் இந்த ஒரே பேச்சுதான். பஸ்ஸில் உரசினாலும் கையைப் பிடித்து இழுத்தான். ஒரு பெண்ணை நாசம் பண்ணினாலும் கையைப் பிடித்து இழுத்தான். மிச்சத்தைக் கேட்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டுமாம். ஏட்டம்மாவுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் சொல்லாததை அவர் எப்படி எழுதுவார்?

"கைய மட்டுந்தானா? யோசிச்சு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் கேஸு."

"அவ்ளோதாம்மா."

பொற்கொடி என் புடவையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ராமதாஸ் எழுந்துவிட்டான்.

"ஆமா மேடம், கையப் புடிச்சேன். தப்புதான், ஒத்துக்கிறேன். தங்கச்சி மாதிரி நெனச்சி வெளையாட்டா பண்ட்டேன். எங்க கையெழுத்து போடணும்?"

எவ்வளவு சந்தோஷமாக ஒத்துக்கொண்டான் பாவி!

"அதான் ஒத்துக்கினான் இல்ல, கெளம்பு" என்றார் முனிசாமி.

சாரதாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மகளைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை அவனையல்லவா காப்பாற்றிக்கொண்டிருந்தது! ஏட்டம்மா எழுதிய தாளை எட்டிப் பிடித்தாள்.

"அதக் கிழிச்சிப் போடும்மா! கையி இல்ல. எம் பொண்ணக் கெடுத்துட்டான்!"

"நான் ஒண்ணும் கெட்டுப் போவல."

சொன்னது பொற்கொடி. நிலையத்துக்குள் வந்தபிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "நீ சும்மா இரும்மா. அவன் இன்னா பண்ணான்னு நானே சொல்றேன். எழுதிக்குங்க மேடம்."

ராமதாஸின் முகம் செத்துப்போயிற்று. ஏட்டம்மா அவனை வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டு வேறு தாளை எடுத்தார். முனிசாமி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "நீயும் வா சாரதா. இதெல்லாம் பெத்தவ காதால கேக்கற பேச்சா?" என்றார்.

சாரதாம்பாள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ போண்ணா. அவ பட்டுக்கினு வந்துகிறா. நான் கேக்கக்கூட மாட்டனா?"