கசெற்றின் ஒரு பக்கத்துக்குள் இரும்பர்

போன கிழமை மகள் கொழும்பிலிருந்து வந்து நின்றபோது என்னுடைய போனைப் பறித்து ஏதோ செய்துவிட்டு, "அப்பா, உங்கட ஆளின்ர பாட்டு முழுக்க இதில கிடக்கு. முதலாவதில இருந்து கடைசி மட்டும். ஆறுதலாக் கேளுங்கோ" என்று தந்தாள். உங்கட ஆள் என்று அவள் சொன்னது ஒரு வெள்ளைக்கார ஹெவி மெட்டல் பாடகரை. பெயரைச் சொன்னால் உங்களில் சிலர் என்னோடு கைகுலுக்க வருவீர்கள், பலர் காதைப் பொத்துவீர்கள். அதனால் விட்டுவிடுகிறேன். திருகோணமலையில் நான் வேலை செய்த றெக்கோடிங் பாரில் அவருக்கு இரும்பர் என்று பெயர். அவர் பாடியது இரும்புப் பாட்டு. இரண்டு பெயரையும் வைத்தவர் முதலாளி, அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிட்ட கிண்ணியா லாபீர்.

ஒழுங்கு மாறாமல் கேட்டுக்கொண்டு வருகிறேன். ஒரு மனிதன் வாலிபத்திலிருந்து கிழவனாகும் வரை கத்தியதை ஒரு கிழமையில் கேட்பது நல்ல காரியமா என்று தெரியவில்லை. முதல் குழுவோடு பாடிய இசைத்தட்டுகள், குடித்துவிட்டு மேடையில் விழுந்ததால் அவர்கள் இவரைக் கழற்றிவிட்ட பிறகு வேறொரு குழுவோடு பாடியவை, பிறகு சொந்தப் பெயரில் பாடியவை. நடுவில் தொண்டை போய், மூச்சை மட்டும் வைத்துச் சமாளித்த சில வருடங்கள். கடைசித் தட்டைக் கதிரையில் இருந்தபடியே பாடியிருப்பார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் காற்றை இழுப்பது கேட்கிறது.

முதல் தட்டின் முதல் கிட்டார் அடி விழுந்ததும் எனக்கு மூக்கில்தான் ஏறியது. கசெற் மெஷினின் தலையைத் துடைக்கும் ஸ்பிரிட் வாசமும், வியர்வையில் ஊறிய தென்னந் தும்புப் பாயின் வாசமும். றெக்கோடிங் பார் என்றால் இளம் ஆட்களுக்கு விளங்காது. குடிக்க ஒன்றும் கிடைக்காது. வெற்றுக் கசெற்றோடு வந்தால் இசைத்தட்டில் இருந்து பாட்டைப் பதிந்து கொடுக்கும் கடை, அவ்வளவுதான். டொக்யாட் வீதிப் பக்கம் இருந்த எங்கள் கடையின் பின்னால் ஒரு பெட்டி அறை இருந்தது. பலகைச் சுவர், உள்ளே வெளிச்சத்தம் வராமல் முட்டைத் தட்டும் தும்புப் பாயும் அடித்திருக்கும். திருவிழா, படக் கொட்டகை விளம்பரங்களுக்குக் குரல் பதியவென்று காக்கா கட்டியது. அதற்குள் தட்டுச் சுற்றும் மெஷின்கள் இரண்டு. தமிழ்ப் பாட்டுக்கு ஒன்று, இங்கிலிஸ் எல்.பி.களுக்கு ஒன்று.

அந்த அறையின் கதவு கடல் காற்றில் ஊதிப்போய் ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தாது. யாராவது தள்ளித் திறந்து கால் வைத்தால் பலகை ஆடி ஊசி துள்ளிவிடும், பதிவு பழுதாகிவிடும். ஆகவே காக்கா வெளியே ஒரு கொண்டி போட்டார். தட்டு ஓடத் தொடங்கியதும் கொண்டி விழும். முடிந்ததும் நான் உள்ளே ஒரு சுவிட்சைப் போட, வெளியே சிவப்பு பல்ப் எரியும், அவர் வந்து திறப்பார். விசிறி போட ஏலாது, அதன் கரண்ட் இரைச்சல் வயர் வழியாகப் பதிவில் கர்ரென்று விழும். வெள்ளிக்கிழமைகளில் என்னை உள்ளே வைத்துக் கொண்டியைப் போட்டுவிட்டு ஜும்மாத் தொழுகைக்குப் போய்விடுவார். பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். திரும்பி வந்து, "மனே, மறந்தே பெய்த்தன்" என்பார். நான் மேற்சட்டையைக் கழற்றி முக்காலியில் போட்டுவிட்டு, அவிந்துபோய் உட்கார்ந்திருப்பேன்.

அந்த அறை மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு ஊரே அந்த அறை மாதிரித்தான் இருந்தது. இவ்வளவு பெரிய துறைமுகத்தை வைத்துக்கொண்டு, வந்து போகும் கப்பலைப் பார்ப்பதைத் தவிர எங்களுக்கு அதில் வேலையில்லை. பெரிய கந்தோர்களுக்கு வேலை கேட்டு எழுதிப்போட்டு அலுத்துவிட்டேன். பாஸ்போட் மட்டும் எடுத்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அம்மா சேலை எடுக்கும்போதெல்லாம், "உது எங்க போறதுக்கு?" என்று கேட்பா. எங்கே என்று எனக்கும் தெரியாது. எங்கேயாவது போகவேண்டும், அது மட்டும் தெரியும்.

இரும்பரைக் கொண்டுவந்தது ஒரு கோதுமைக் கப்பல். சீனக்குடாவில் மா ஆலைக்கு வந்த கப்பலின் கிரேக்கச் சமையல்காரன், இரண்டு எல்.பி. கொடுத்துவிட்டுக் கை நிறையச் சிங்கள பைலா ஆட்டப்பாட்டுக் கசெற் வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வருடமும் வந்தான், புதுத் தட்டோடு. இரும்பர் குழு மாறிய செய்தி எங்களுக்கு அவன் மூலம்தான் தெரியும். மூன்றாவது தடவை கொண்டுவந்த தட்டில் இரும்பர் தனியாக நின்றார், படத்தில் தலைமயிர் தோளுக்குக் கீழே. நானும் வளர்த்தேன். "சுடலைமாடன் மாதிரிக் கிடக்கு" என்றா அம்மா.

கேட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? முதலில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பெடியள். பிறகு டொக்யாட்டில் கிரேன் ஓட்டியவர், வங்கியில் ஒரு காசாளர், குச்சவெளி பஸ் கொண்டக்டர். ஊரில் ஒருவருக்கும் வரி விளங்காது. ஆனால் அந்தக் குரல் மேலே ஏறி ஓரிடத்தில் போய் நிற்கும் பாருங்கள், அது எல்லோருக்கும் விளங்கிற்று. கொண்டக்டர் ரிக்கற் கிழிக்கும்போது அந்த இடத்தை விசிலடிப்பார். றேடியோவில் இந்தப் பாட்டெல்லாம் போகாது. ஆகவே ஊருக்குள் இருந்த இரும்பர் முழுவதும் எங்கள் அறையில் இருந்து போனவர்.

ஒரு கசெற் பதிய ஒரு தட்டு முழுவதும் ஓடவேண்டும். ஒவ்வொருவருக்கும் பதியும்போது நான் உள்ளே அடைபட்டு முழுவதையும் கேட்பேன். பாட்டு வயர் வழியாக நேரே பதிவதால் என் சத்தம் அதில் விழாது; கேட்டுக் கேட்டு, காதில் ஹெட்போனோடு கூடப் பாடத் தொடங்கினேன். முதலில் இருமல் வந்தது, பிறகு இரத்தச் சுவை வந்தது, பிறகு குரல் வந்தது. இரும்பர் நிற்கும் இடத்தில் நானும் போய் நின்றேன். அந்த நேரத்தில் கொண்டி விழுந்திருப்பது மறந்துவிடும். அதற்காகவே பாடினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தில் நிற்கையில் முகத்தில் காற்றுப் பட்டது. கதவு திறந்திருக்கிறது. காக்காவுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். மேற்சட்டை இல்லாமல் நான். நிலாவெளி ஹோட்டலில் வாசிக்க வந்த கொழும்பு பாண்ட் இசைக்குழுவின் தலைவர் அவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர்களுடைய பாடகன் ஒரு ஜெர்மன்காரியோடு போய்விட்டான். பாண்ட் இரண்டு மாதத்தில் டுபாய் ஹோட்டல் ஒன்றுக்குப் போகிறது.

"தம்பி, பாஸ்போட் இருக்கா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஓம்" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குப் போனேன். சாப்பாட்டு மண்டபத்தில் கதிரைகளை ஒதுக்கி வாத்தியங்கள் வைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்த பாட்டைத்தான் எடுத்தார்கள். கிட்டார் தொடங்கியது. எனக்கு எடுக்க முடியவில்லை. எல்லாமே கீழ்ச் சுருதியில் கிடந்தது, சோம்பலாகப் போனது. மறுபடியும் தொடங்கினார்கள். மறுபடியும் நான் வேறெங்கோ நின்றேன். என் துணிச்சலைப் பாருங்கள், "மாஸ்டர், உங்கட கிட்டார் இறங்கிக் கிடக்கு" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. அறையிலிருந்து அதே எல்.பி.யைக் கொண்டுவந்து போட்டார். இரண்டு வருடமாக நான் கூடப் பாடிய மனிதனை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கனத்த குரல். அவசரமில்லாத ஆள். உச்சம் என்று நான் நினைத்த இடத்துக்கு அவர் போகவே இல்லை. 

மாஸ்டர் நல்ல மனிதர். நான் நிற்கும் இடத்துக்கு பாண்டை ஏற்றிப் பார்க்கலாம் என்று ஓர்கன் வாத்தியத்தின் முன்னால் இருந்தார். அரைக் கட்டை ஏற்றினார். நான் அதற்கும் மேலே நின்றேன். ஒரு கட்டை ஏற்றினார். இப்போது கீழே நின்றேன். என் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. வேறு யாரும் என்றால் இசைந்து கொடுத்திருப்பார்கள். ஆணி அடித்த மாதிரி என் தொண்டை அந்த இடத்துக்கே போய்ப் போய் நின்றது.

"இந்த ஓர்கனில அப்பிடி ஒரு கட்டை இல்ல, தம்பி" என்றார் மாஸ்டர். "எங்க பழகினீங்க இதை?"

கடைக்கு வந்து காக்காவிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. இங்கிலிஸ் மெஷினைத் திறந்து மோட்டரின் சின்னக் கப்பியைக் காட்டினார். அதில் பிளாஸ்டர் துண்டு சுற்றியிருந்தது. நான் தினமும் பார்த்ததுதான், தட்டைச் சுற்றும் நாடா வழுக்காமல் இருக்கச் சுற்றியது என்று நினைத்திருந்தேன். கப்பி தடித்தால் தட்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றும், பாட்டு சீக்கிரம் முடியும், குரலும் மேலே ஏறிவிடும். ஊர் ஆட்கள் ஒரு கசெற்றில் இரண்டு எல்.பி. கேட்பார்கள், பக்கத்துக்கு ஒன்று. இரும்பரின் தட்டு ஒரு பக்கத்தைவிட மூன்று நிமிடம் நீளம்.

"கடைசிப் பாட்டு நடுவில அறுந்தா சனம் சண்டைக்கு வரும் மனே" என்றார் காக்கா. "பாடினவன் வரமாட்டான்."

"நான் டுபாய்க்குப் போக இருந்தனான் காக்கா."

அவர் நகத்தால் பிளாஸ்டரை உரித்து எறிந்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை என்று பிறகு கடைப் பையன்கள் சொன்னார்கள். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, போகவும் இல்லை கனநாளாக.

நேரான வேகத்தில் முதலில் பதிந்த கசெற்றைக் கிரேன்காரர் அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்தார். "இதில ஆளுக்குச் சுகமில்லப் போல. எனக்குப் பழைய மாதிரி வேணும்" என்றார். கொண்டக்டரும் அதையே சொன்னார். நான்கைந்து பேர் வந்தபிறகு, ஒரு பிளாஸ்டர் வாங்கிவந்து நானே கப்பியில் சுற்றினேன். முக்காலியில் உட்கார்ந்தேன். காக்கா கொண்டியைப் போட்டார். பாண்ட் அந்தக் கிழமைதான் கட்டுநாயக்காவில் விமானம் ஏறியது.

அதன்பிறகு இரும்பர் பாடியதெல்லாம் இந்தக் கிழமைதான் எனக்குக் கிடைத்தது. அவர் தொண்டை போய்க் கிடந்த வருடங்களில் கலவரத்தில் எங்கள் வீதி எரிந்தது. மெஷின், தட்டுகள், முட்டைத் தட்டுகள் எல்லாம். காக்கா கிண்ணியாவுக்குப் போய்க் கொஞ்ச நாள் வயல் பார்த்தார், பிறகு மவுத்தாகி அங்கேயே அடக்கமாகிவிட்டார். கிரேன்காரர் குடும்பத்தோடு வள்ளமேறி ராமேஸ்வரம் போனார். காசாளர் கனடாவில். கடற்கரைப் பெடியளில் பாதிப்பேர் ஜெர்மனியில், மீதிப்பேரைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒருநாள் போன குச்சவெளி பஸ் திரும்பவில்லை. கசெற்றுகளும் அவர்களோடு போய் உப்பில் ஊறியும் சிக்கியும் முடிந்திருக்கும்.

இரும்பர் அவ்வளவு உயரத்தில் உலகத்தில் வேறெங்கும் பாடியதில்லை. இந்த ஊரில் ஒரு ஐம்பது அறுபது பேருக்குத்தான் பாடினார், அவருக்கே தெரியாமல். அந்த இடத்தை விசிலடிக்கத் தெரிந்த எல்லோரும் போய்விட்டார்கள். போகவேண்டும், போகவேண்டும் என்று கிடந்த நான் மட்டும் இங்கேயே இருக்கிறேன்.