கடைசி மேசைக்குக் காற்று வரவில்லை

அத்தாவின் தோல் ஷெட்டில் கடைசி மேசைக்கு மட்டும் காற்று சரியாக வராது. ஸ்ப்ரே துப்பாக்கியில் சாயம் புகையாகப் பரவாமல் சொட்டுச் சொட்டாகத் துப்பும். புள்ளி விழுந்த தோல்களைச் சென்னைப் பார்ட்டி திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. மெக்கானிக்கல் படித்த பெண் திண்டுக்கல்லில் அப்பா வீட்டில் எத்தனை நாள்தான் ஈ ஓட்டுவது?

“இத மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ தாயி. நான் என்ன தடுக்கவா போறேன்?” என்றார் அத்தா.

காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் வீட்டுச் சுவரோரம் இருந்தது, ஷெட் தோட்டத்தின் மறுகோடியில். ஷெட் வளர வளர, பழைய ஒல்லி ஹோஸ்களைக் கிளிப் போட்டு நீட்டிக்கொண்டே போயிருக்கிறார். கம்ப்ரஸரை ஷெட்டிலேயே வைத்தால் என்ன? வைக்க மாட்டார். “ஓடுதா நிக்கிதான்னு படுத்துக்கிட்டே எங்காதுல கேக்கணும்ல!” காற்று போதாவிட்டால் பிரஷரைக் கூட்டுவார். மோட்டார் சூடேறி நின்றுவிடும்.

“ஹோஸுக்குள்ள உரசுனா காத்து மெதுவாத்தானே போகும்? அதத்தான் தள்ளிவிடுறேன்” என்றார்.

“இல்லத்தா, வேகமாப் போகும்.”

“அட போம்மா!”

தண்ணீர் என்றால் வேறு. காற்று அப்படியில்லை. குழாயின் சுவர் உரச உரச அதன் அழுத்தம் குறையும். குறைந்தால் காற்று உப்பும். உப்பிய காற்றுக்கு அதே குழாயில் இடம் பத்தாது, ஓடித்தான் ஆகவேண்டும். ஓட ஓட இன்னும் உரசும். குழாய் போதிய நீளமிருந்தால் கடைசியில் ஒலியின் வேகத்தில் போய் முட்டி நிற்கும். அதற்குமேல் ஹோஸை நீட்டினால் உள்ளே நுழையும் காற்றே குறைந்துவிடும். பாடத்தில் இதற்குச் சோக், அதாவது மூச்சு முட்டுவது, என்று பெயர். எங்கள் ஹோஸ் அந்த அளவுக்குப் போயிருக்காது. நான்தான் போயிருந்தேன். அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது.

மல்லுக்கட்டி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். கம்ப்ரஸரை ஷெட்டுக்கே மாற்றி, அகலமான இரும்புக் குழாய் போட்டோம். கடைசி மேசையில் சாயம் பனி மாதிரி இறங்கியது. ஒரு புள்ளி இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. “நாளைக்குக் கெளம்புறேன்த்தா” என்றேன்.

அத்தா என்னைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே புதிதாகத் தடுத்த ஒரு அறை. மேசை, நாற்காலி, ஃபேன்.

“மெஷின் இங்கிட்டு வந்துருச்சு. இனிமே வீட்டுலருந்து எனக்குக் கேக்காதுல்ல? அதான் ஒன்னைய இங்கனயே உக்கார வைக்கலாம்னு. ஏசியும் போட்டுத் தாரேன். கோயம்புத்தூருக்கு நானே போன் போட்டு, எம்மக வரலைன்னு சொல்லிட்டேன்.”

“யாரக் கேட்டுச் சொன்னீங்க?”

அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. தடுப்புச் சுவர் அதிர்ந்தது.

“என்னம்மா?” என்று காதில் கைவைத்துக் குனிந்தார்.

தொண்டை கிழியக் கத்தினேன், “யாரக் கேட்டுத்தா?”

“ஆமா தாயி,” என்றார் அத்தா, முகமெல்லாம் பூரித்து, “நல்லா ஓடுது.”