ஸ்பெயின் கோட்டையால் வந்த வினை

என் கணவருக்குச் சொந்த ஊர் மன்னார். ஆனால் நம் மூதாதையர் ஸ்பெயினில் ஒரு கோட்டையில் வாழ்ந்தவர்கள் என்று வெளிநாட்டிலுள்ள பெரியப்பா மகன் சொன்ன நாளிலிருந்து இவரைப் பிடிக்க முடியவில்லை. அந்தக் கோட்டையின் படத்தை எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் மாட்டி, பால்காரனுக்குக்கூட விளக்கம் சொன்னார்.

யுத்த காலம். ஒரு காலை எங்கள் தெருவை ஆமி சுற்றிவளைத்துச் சோதித்தது. உள்ளே வந்த ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "கம கொஹெத?" என்று சிங்களத்தில் ஊரைக் கேட்டான். இவர் சுவரைக் காட்டி, "ஸ்பெயின்" என்றார். அட்டையில் மன்னார் என்றிருந்தது. நக்கலடிக்கிறார் என்று நினைத்து ஜீப்பில் ஏற்றிப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டான்.

பக்கத்து வீட்டுச் சிங்கள மாஸ்டரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்கு ஓடினேன். பின்னேரம்தான் விட்டார்கள். வெளியே வந்ததும் இவர் கேட்டார்: "எங்கட கோட்டையிலயும் இப்பிடி ஒரு சிறை இருந்திருக்கும், என்ன?"

"வாயைப் பொத்திக்கொண்டு வாங்கோ" என்றேன்.

இப்போது யார் கதவைத் தட்டினாலும் நான்தான் திறக்கிறேன். ஊரைக் கேட்டால் மன்னார் என்று நானே சொல்லிவிடுகிறேன். படத்தையும் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டேன். இவரோ வருகிறவர்களுக்கு வெறும் ஆணியைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறார்.