இன்ஜின் கீழேதான் இருக்க வேண்டும்

போன வாரம் மெயின் பஜாரிலிருந்து திரும்பும் வழியில், ரவுண்டானா அருகே ஒரு லாரி ஓங்கி பிரேக் அடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஸ்கூட்டரில் எதிரே வந்த என் மரியாதையைத் தவிர. ரோட்டில் சிதறிய வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. பிரேக் கட்டை சூடேறிக் கருகும் வாசனை. என் நண்பன் சேவியரின் அப்பா அந்தோணிசாமியின் காக்கிக் கோட்டில் இருந்த அதே வாசனை. கோட்டை எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்று சேவியர் மனைவி அலுத்துக்கொள்வது வழக்கம்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுகள் உண்டு. வெளியூர் விருந்தாளிகளுக்கு அதைத் தூரத்திலிருந்து காட்டி, அவர்கள் மலை என்று நினைத்துக்கொண்டால் திருத்தாமல் விட்டுவிடுவோம். என் இருபத்தைந்து வயதுவரை அதைவிட உயரமான எதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் மலை ரயில் விஷயத்தில் டவுன்ஷிப்பிலேயே நான்தான் நிபுணன். லைப்ரரியில் அதைப்பற்றித் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. வேறு யாரும் எடுக்காததால் அது என் வீட்டுப் பொருள் மாதிரியே ஆகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ரயில் முன்னும் பின்னுமாக நகர்ந்து இசட் போட்டு ஏறிய கதை, டார்ஜிலிங்கில் வளையம் போட்டுத் தன் தடத்தையே தாண்டிப் போகும் கதை, நீலகிரிக்கு முதலில் திட்டம் போட்டவர்கள் ரயிலைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்த கதை, கடைசியில் நடுவே பல் வைத்த தண்டவாளம் போட்டு, இன்ஜின் அதைப் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு ஏறிய கதை எல்லாம் எனக்கு அத்துப்படி. கேன்டீனில் டீ வாங்கித் தருகிறவர்களுக்குச் சொல்வேன். சொல்லாமல் இருப்பதற்காக டீ வாங்கித் தந்தவர்களும் உண்டு.

சேவியர் குன்னூர்க்காரன். என்னோடு சுரங்கத்தின் கன்வேயர் செக்ஷனில் ஒரே ஷிப்ட். அவன் அப்பா அந்த நீலகிரி ரயிலிலேயே, பெட்டியில் நின்று பிரேக் போடும் பிரேக்ஸ்மேனாக இருந்து ரிட்டயரானவர். அம்மா இறந்தபிறகு அவரை சேவியர் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்திருந்தான். அசல் மலை ரயில்காரரே ஊருக்கு வந்துவிட்டார் என்றதும் என் புத்தக அறிவை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு மணி நேரம் பேசினேன். அவர் வராந்தாவில் உட்கார்ந்து, எதிரே ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே "ம்" என்றார். அந்த "ம்" எனக்கா ரோட்டுக்கா என்று கடைசிவரை தெரியவில்லை.

"யார்கிட்டயும் இப்படித்தாண்டா," என்றான் சேவியர். "ஒரு மாசம் பாக்கறேன், ஒத்து வரலைன்னா கிளம்பிடுவேங்கறாரு. அங்க அத்தைய விட்டா அவருக்கு யாரு இருக்கா? அம்மா சாகும்போது அப்பாவப் பாத்துக்கோன்னு என் கையப் புடிச்சிக்கிட்டு சொல்லுச்சு. ஆயுத பூஜையோட மாசம் முடியுது."

ஆயுத பூஜையன்றுதான் குடும்பத்தாரை நாங்கள் வேலை செய்யும் இடத்துக்குள் விடுவார்கள். அன்று ஒவ்வொரு செக்ஷனும் ஷெட்டைக் கழுவி, வாழை கட்டி, ஏதாவது மாடல் செய்து வைக்கும். முந்தின வருஷம் நாங்கள் செய்த காந்தி ராட்டையை எல்லோரும் மாவு அரைக்கும் மிஷின் என்றார்கள். இந்த முறை மலை ரயில் செய்வோம், அப்பா பார்த்தால் மனசு மாறும் என்றேன். சேவியர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்கே பயமாகிவிட்டது.

பக்கத்து வடக்குத்து கிராமத்துத் தனவேலுதான் கட்டினான். கான்ட்ராக்டில் வந்த ஃபிட்டர். ஆள் உயரத்துக்கு மண்மேடு, அதன்மேல் சரிவாகப் பலகை, பலகை நடுவே சைக்கிள் செயினை நீளமாக அடித்து அதுதான் பல் தண்டவாளம். இன்ஜினுக்கு அடியில் சைக்கிள் பல்சக்கரமும் சின்ன மோட்டாரும். பின்னால் ஒரு பெட்டி, அதில் சுண்டல். புத்தகத்தில் இருந்த படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் மேற்பார்வை.

"இன்ஜின் முன்னாடியா பின்னாடியா சார்?" என்றான் தனவேலு.

"படத்துல பார். முன்னாடி."

பூஜை முடிந்து அதிகாரி ஸ்விட்சைப் போட்டார். இன்ஜின் கம்பீரமாக ஏறியது. பாதி மேட்டில் கொக்கி நழுவ, பெட்டி மட்டும் தனியாகக் கீழே வந்தது, போனதைவிட நல்ல வேகத்தில். அதிகாரியின் வெள்ளைப் பேண்ட்டில் சுண்டல். பொரி மட்டும் வைத்திருக்கலாம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அந்தோணிசாமி வந்தார். என் புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது இறங்கற வண்டி."

"எப்படிப்பா சொல்றீங்க?" என்றேன்.

"இன்ஜின் எப்பவும் கீழ்ப்பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாடி நின்னு தள்ளும், இறங்கும்போது முன்னாடி நின்னு தாங்கும். கொக்கி போனாலும் பெட்டி அதுமேலதான் சாயும். இத்தன படிச்சியே, இதப் போடலையா அதுல?"

போட்டிருந்தார்கள். அந்த அத்தியாயத்தை நான் தூக்கக் கலக்கத்தில் படித்திருக்கிறேன்.

"பெரியவர் சொல்றதுதான் சரி. இவரு படத்தப் பாத்துகினே வண்டிய ஓட்டிட்டாரு," என்றான் தனவேலு. இருவரும் சேர்ந்து மாற்றினார்கள். பெட்டிக்கு ஒரு மரக்கட்டை பிரேக், அதில் கட்டிய கயிறு பெரியவர் கையில். முன்பெட்டியில் பாதையைப் பார்த்துக்கொண்டு கொடி காட்டுகிற பிரேக்ஸ்மேன் மாதிரி, பூஜைக்கு வைத்திருந்த சிவப்புத் துணியையும் பச்சைத் துணியையும் இன்னொரு கையில் எடுத்துக்கொண்டார். சாயங்காலம்வரை அந்த ரயில் ஏறி இறங்கியது. "ஏறறது இன்ஜின் பொழப்பு, இறங்கறது நம்ம பொழப்பு," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மழையில் ஈரமான தண்டவாளம், குகைக்குள் கண்ணைக் கரிக்கும் புகை, பாதையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்த எருமை. ஒரு மாதப் பேச்சை ஒரே நாளில் பேசித் தீர்த்தார். சேவியர் கன்வேயர் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான். "இருந்துடுவார்டா," என்றான்.

மறுநாள் காலை பெரியவர் பெட்டி கட்டி வைத்திருந்தார்.

"நேத்து நல்லாத்தானேப்பா இருந்தீங்க?" என்றான் சேவியர்.

"அதாண்டா சொல்றேன். நேத்து நல்லா இருந்துச்சு. கை இன்னும் மறக்கல. இங்க உக்காந்தா மறந்துடும்."

பஸ் ஏற்றிவிட்டு வந்த சேவியர் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. அவரை அனுப்பி வைத்ததே என் மலை ரயில்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. பிறகு குன்னூரிலிருந்து கடிதம் வந்தது. தன் தங்கச்சி வீட்டில் இருப்பதாகவும், தினம் ஸ்டேஷன்வரை நடந்துபோய் வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகவும், புதுப் பையன்கள் பிரேக்கைச் சீக்கிரமே போட்டுவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்தபிறகுதான் சேவியர் எனக்கு டீ வாங்கித் தந்தான். அப்புறமும் பெரியவர் பல வருஷம் இருந்தார், நல்லபடியாக.

இப்போது சேவியர் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறான். எட்டாவது மாடி. நேற்று போன் செய்தான்.

"எல்லாரும் நல்லாத்தாண்டா பாத்துக்கறாங்க. எனக்குத்தான் இருப்பு கொள்ளல. ஒரு நாள் வந்து நம்ம ஷெட்டுப் பக்கம் உக்காந்துட்டுப் போகட்டுமா?"

ஷெட்டை யாரும் இடிக்கவில்லை என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். இடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, இடமாவது மிஞ்சியிருக்கும். திறந்தவெளிச் சுரங்கம் தோண்டத் தோண்ட அங்கேயே நகர்ந்து வந்துவிட்டது. ஷெட் நின்ற மண், அடியிலிருந்த நிலக்கரி எல்லாவற்றையும் வெட்டியெடுத்தாகிவிட்டது. நாங்கள் நின்ற உயரத்தில் இப்போது வெறும் காற்றுதான். சில சமயம் ஒரு பருந்து சுற்றுகிறது.

"வாடா," என்றேன்.