மிதிப்பதற்கு ஒரு கல்

கோட்டுச்சேரியில் காரைக்கால் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். சாலையோரத்தில் ஒரு பெண் அம்மிக்கற்களைப் பரப்பி விற்கிறார். சுரக்குடியிலிருந்து வந்திருக்கும் அம்மாள் ஒருவர், மகள் திருமணத்தில் மிதிப்பதற்கென ஒன்றைத் தேர்ந்துவிட்டார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். நிலவியல் படித்தவனால் அது இயலவில்லை. நிலப்பிளவுகளால் தாழ்ந்த பள்ளத்தை வண்டல் நிரப்பிய மண் இது. தோண்டினாலும் கல் கிடைக்காது. இந்தக் கருங்கல்லோ வெகுதொலைவில், பூமிக்கடியில் பாறைக் குழம்பாக ஓடி, பிளவொன்றுக்குள் ஏறி இறுகியது என்று விளக்குகிறேன்.

அம்மாளின் கை கல்லை விட்டு விலகுகிறது.

“ஓடுன கல்லா? பொண்ணு உறுதியா நிக்கணும்னுதானே மிதிக்க வைக்கிறோம்! வேணாங்க.”

விற்பவர் என்னை முறைக்கிறார். காலையிலிருந்து அவருக்கு வாய்த்த ஒரே வாடிக்கையாளரை நான் விரட்டிக்கொண்டிருக்கிறேன். பரிகாரமாகப் பாறையின் வயதைச் சொல்ல வாய் திறக்கிறேன்.

“நீங்க சும்மா இருங்க சார்,” என்று என்னை அடக்கிவிட்டு, அம்மாளிடம் திரும்புகிறார். “ஓடுனதெல்லாம் அப்போங்க. எடம் கெடச்சதும் அடங்கிடுச்சில்ல? மாப்பிள்ளை எப்புடி?”

அம்மாள் சற்றே தயங்குகிறார். “அவரு கொஞ்சம் ஊர்சுத்திதான்.”

“அப்ப அவரையும் ஒரு மிதி மிதிக்கச் சொல்லுங்க.”

அம்மாள் வாய்விட்டுச் சிரிக்கிறார், கல் விலையாகிறது. குற்றவுணர்வோடு அதை நானே சுமந்து ஆட்டோவில் ஏற்றுகிறேன். அதற்குள் என் பேருந்து போய்விடுகிறது.

விற்பவர் எனக்கும் ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொல்கிறார்.

“அடுத்த ஆளு வந்தா, ஓடுனத விட்டுட்டு அடங்குனதுலேருந்து ஆரம்பிங்க சார்.”