கோஷம் போட்டவன்

சங்கத்தில் இருந்த இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் முன்னால் நின்று கோஷம் போட்டதில்லை. கூட்டத்தின் நடுவில் நின்று பதில் சொல்வதோடு சரி. என் குரல் அப்படி. நெல்லித்தோப்பு வீட்டில் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாலே, "என்ன முணுமுணுப்பு?" என்பாள் மனைவி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் பிளாஸ்டிக் கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே தொண்டை போனவர்கள்.

அவன் ஒருவனுக்குத்தான் குரல் இருந்தது.

அவன் என் மெஷினில் என்னோடு நின்றவன். நான் நிரந்தரம், நீலச் சட்டை. அவன் கான்ட்ராக்ட், சாம்பல் சட்டை. மற்றபடி ஒரே மெஷின், ஒரே சூடு, ஒரே டீ. ஒன்பது வருஷம் அப்படி நின்றான். அச்சிலிருந்து டப்பாவை எந்த நொடியில் எடுக்க வேண்டும் என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவான். அவன் அப்பா மில் தொழிலாளி. கொடி, ஊர்வலம், கேட் கூட்டம் எல்லாம் பார்த்து வளர்ந்தவன்.

கான்ட்ராக்ட் ஆட்களை எங்கள் சங்கத்தில் சேர்ப்பதில்லை. விதி அப்படி என்போம். அந்த விதியை எழுதியது யார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம். ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் நடக்கும் கேட் கூட்டத்துக்கு அவன் வேண்டும். அது வழக்கமாகவே ஆகிவிட்டது. செயலாளர் பேசி முடித்துத் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் விலகி வழிவிடுவோம். நீலச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சாம்பல் சட்டை முன்னால் வரும். "தொழிலாளர் ஒற்றுமை!" என்று அவன் எடுத்துக் கொடுப்பான். "ஓங்குக!" என்று நாங்கள் சொல்வோம். சம்பள உயர்வு எங்களுக்கு, தொண்டை அவனுடையது. அது எங்களில் ஒருத்தருக்கும் அப்போது உறுத்தவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சம்பள ஒப்பந்தத்துக்காக நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கான்ட்ராக்ட் ஆட்கள் உள்ளே போய் வேலை பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. அவன் மட்டும் போகவில்லை.

"உள்ள போடா. உன்னைத் தூக்கிடுவானுங்க" என்றேன்.

"நான் உள்ள போயிட்டா யாருண்ணே கோஷம் போடறது? நீயா?" என்று சிரித்தான்.

பத்தாவது நாள் கான்ட்ராக்டர் போனில் கூப்பிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்.

அவனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் கடைசியாகச் சேர்த்தோம். அதை நான்தான் அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வாங்கி, தன் பெயர் இருந்த வரியை இரண்டு முறை படித்தான். அதுவரை சங்கத்தின் எந்தக் காகிதத்திலும் அவன் பெயர் வந்ததில்லை.

பேச்சுவார்த்தையில் நிர்வாகம் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது, அந்தக் கடைசி வரியைத் தவிர. அதை மட்டும் எடுத்துவிடுங்கள், இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். தொழிலாளர் துறை அலுவலக வராந்தாவில் என்னையும் சேர்த்துக் கமிட்டி ஆட்கள் ஏழு பேரும் கூடி நின்றோம்.

"ஒருத்தனுக்காக அத்தனை பேரும் தெருவில நிக்க முடியுமாப்பா? அவன் விஷயத்தை அப்புறம் தனியா பேசிக்கலாம். எடுத்துடலாங்கறவங்க கையத் தூக்குங்க" என்றார் செயலாளர்.

எனக்கு அடுத்த மாதம் பெரிய பெண்ணின் கல்யாணம். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, அன்றைக்கு மனசில் ஓடியதைச் சொல்கிறேன். மூன்று கைகள் உயர்ந்திருந்தன. நான்காவதாக நான் தூக்கினேன். அப்புறம் மீதி மூன்றும் உயர்ந்தன.

செயலாளர் சொன்ன 'அப்புறம்' வரவே இல்லை. "நிர்வாகம் ஒத்துக்கலடா" என்று மட்டும் அவனிடம் சொன்னேன். பொய் இல்லை, பாதி உண்மை. அவன் லாஸ்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டான். சந்தைப் பக்கம் எதிரில் வந்தால் நான் வேறு தெருவுக்குள் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

போன மாதம் எங்கள் முறை வந்தது. மெஷின்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லி நீலச் சட்டைகள் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தோம். முதல் நாள் செயலாளர் பேசி முடித்து, பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தார். முன்னால் வர யாரும் இல்லை. கடைசியில் போனில் யாரோ போட்ட பழைய கோஷம் ஒன்றைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் வைத்தோம். பாதியில் சோப்பு விளம்பரம் வந்தது. காவலுக்கு நின்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

நான்காம் நாள் அவன் வந்தான். வாட்ச்மேன் சட்டை, காதோரம் நரை. வண்டியை ஸ்டாண்டு போட்டான். யாரும் கூப்பிடவில்லை, அவனும் யாரிடமும் கேட்கவில்லை. நேராக முன்னால் போய் நின்று கையை உயர்த்தினான்.

"வேலைக்கு எடு, வேலைக்கு எடு! நீக்கிய தொழிலாளரை வேலைக்கு எடு!"

அதே குரல். பந்தலே எழுந்து நின்று பதில் சொன்னது. அவனுக்காக நாங்கள் போட்டிருக்க வேண்டிய கோஷம் அது. அதை எங்களுக்காக அவன் போட்டுக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். இத்தனை வருஷம் ஒளிந்தது போதும் என்று தோன்றியது.

"அன்னிக்கு உன் பேரை எடுக்கச் சொல்லி நானும் கையத் தூக்கினேன்டா."

"தெரியும்ணே" என்றான். டீயை ஊதினான். "ஏழு பேரும் தூக்கினீங்கன்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க. யாராவது ஒருத்தர் தூக்காம இருந்தாங்களான்னுதான் ரொம்ப நாளு பாக்கறவங்கள எல்லாம் கேட்டுக்கினு இருந்தேன். அப்புறம் கேக்கறத வுட்டுட்டேன்."

டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, கிளாஸை வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

நான் தூக்காமல் இருந்திருந்தாலும் ஆறு கைகள் உயர்ந்திருக்கும், அந்த வரி போயிருக்கும். அவனுக்கு வேலை கிடைத்திருக்காது. ஆனால் அவன் கேட்ட ஒருத்தர் நானாக இருந்திருப்பேன்.