வின்சன்ற்றுக்கு ஒரு ஸ்ராண்ட்

குருநகர்ச் சந்தையில் மீன் ஏலம் கூறுகிறவர்களுக்குள் வின்சன்ற்றின் குரலுக்குத் தனி மதிப்பு. பாரையோ சூடையோ, அவர் விலை கூறத் தொடங்கினால் சும்மா பார்க்க வந்தவனும் ஒரு கூடை வாங்கிக்கொண்டுதான் போவான். அப்படிப்பட்ட குரலை நரம்பு வருத்தம் ஒன்றரை வருடத்தில் தின்று முடித்தது. கை போனது, கால் போனது, நாக்கும் போனது. மிஞ்சியது கண் இரண்டும்தான்.

இப்போது மூச்சும் இளைக்கத் தொடங்கிவிட்டது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து மெசினால் மூச்சுக் கொடுக்கலாம். வைத்தால் பிறகு அதோடுதான் சீவியம். வேண்டுமா வேண்டாமா என்று நோயாளியே சொல்லவேண்டும், திங்கட்கிழமை காலைக்கு மேல் தாமதிக்க ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வாய் திறக்க முடியாத மனுசன் எப்படிச் சொல்லுவார்? அவர் மனைவி இராசாத்திக்குத் தலை சுற்றியது.

ஓம் என்றால் கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். தமையன் ஜெறோம், "தம்பி, பட்டது காணும், குழாய் வேண்டாமோடா?" என்றார். வின்சன்ற் சிமிட்டினார். இராசாத்தி, "குழாய் வைப்பமோ?" என்றாள். அதற்கும் சிமிட்டினார். ஈ, இலையான் பறந்தாலும் சிமிட்டுகிற கண்ணை நம்பி ஓர் உயிரைத் தீர்மானிக்கலாமா, சொல்லுங்கள்!

பேச்சுச் சிகிச்சை செய்கிற பிரசாந்திதான் வழி காட்டினாள். ஒரு டப்ளெற்றை இரவலாகத் தந்தாள். திரை நிறையத் தமிழ் எழுத்துகள். எந்த எழுத்தை உற்றுப் பார்க்கிறாரோ அதைக் கமரா பிடித்து எழுதும். எழுதி முடிந்ததும் சத்தமாக வாசிக்கும்.

"இதைத் தாங்குற ஸ்ராண்ட்தான் என்னட்டை இல்லை அன்ரி. ஆடாமல் அசையாமல் நிக்கவேணும். நிலத்திலை வைக்கிற மாதிரி ஒண்டை நீங்கள்தான் தேடவேணும்" என்றாள் பிரசாந்தி.

ஒரு ஸ்ராண்ட்தானே என்று இராசாத்தி நினைத்தாள். பாவி மனுசி, இருந்த மூன்று நாளும் அதிலேயே போயிற்று.

வெள்ளிக்கிழமை கோயில் பாடகர் குழுவின் மைக் ஸ்ராண்டைக் கெஞ்சி வாங்கி வந்தாள். டப்ளெற்றின் பாரத்துக்கு அதன் கழுத்து மெல்ல மெல்லத் தொங்கியது. பின்னேரம் தெரிந்த வீடொன்றில் கிடந்த சேலைன் ஸ்ராண்ட் வந்தது. அது விசிறிக் காற்றுக்கே ஊஞ்சல் ஆடியது. சனிக்கிழமை அவளுக்கு விசர் பிடித்துவிட்டது. அந்த விசிறியையே பிடித்துத் தலையைக் கழற்றிப்போட்டு, இரும்புக் காலை மட்டும் ஓட்டோவில் ஏற்றினாள்.

"உந்த விசிறியையும் உடைச்சுப்போட்டு வெக்கைக்குள்ளை கிடக்கப் போறியளோ?" என்று ஜெறோம் மறித்தார். "பிள்ளை, அவன் அலுத்துப்போனான். நிம்மதியாய்ப் போக விடன்."

"அதை அவரெல்லோ சொல்லவேணும் அத்தான்!" என்று சீறிவிட்டு, அந்தக் காலில் டப்ளெற்றுக்கு ஒரு பிடி ஒட்டுவிக்க அவள் வெல்டிங் கடைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பூட்டிப் பார்த்தாள். இடித்தாலும் அசையாத கால். ஆனால் திரையில், முதல் இரண்டு ஸ்ராண்டிலும் வந்த அதே வசனம்: கண்கள் தெரியவில்லை. நிமிர்த்தினாள், தாழ்த்தினாள், கிட்ட இழுத்தாள். கண்கள் தெரியவில்லை. மத்தியானம் தாண்டிவிட்டது. ஆத்திரத்தில் காலால் ஓங்கி உதைத்தாள், விரல்தான் வீங்கியது. நிலத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். நாளைக்கு டொக்டரிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அழுது ஓய்ந்தவள் என்ன நினைத்தாளோ, எழும்பிப் போய்க் கட்டிலில் ஏறி, அவருடைய தலையணையில் தன் தலையையும் வைத்துப் படுத்தாள். அவரைப்போலவே கழுத்தைத் திருப்பாமல் பார்த்தாள். நேரே சுவரில் ஆண்டவரின் திருஇருதயப் படம் தெரிந்தது. திரையோ கடைக்கண்ணில், ஓர் எழுத்தும் பிடிபடாமல் சரிந்து கிடந்தது. அட கடவுளே! அந்தப் படத்துக்கு முன்னால் எதையும் வைத்து மறைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. ஆகையால் மூன்று ஸ்ராண்டையும் கட்டிலின் பக்கவாட்டில்தான் நிறுத்தியிருந்தாள். பிழை ஸ்ராண்டில் இல்லவேயில்லை.

"ஆண்டவரே, குறை நினையாதையும்" என்றபடி ஸ்ராண்டை இழுத்து, அவருடைய முகத்துக்கும் படத்துக்கும் நடுவில் நிறுத்தினாள். கண்ணைக் கமரா உடனே பிடித்துக்கொண்டது.

"இஞ்சாருங்கோ, உங்கடை விருப்பத்தைச் சொல்லுங்கோ. குழாய் வைப்பமோ, வேண்டாமோ?"

ஒவ்வோர் எழுத்தும் ஒரு யுகமாய் வந்தது. ஜெறோமும் கட்டிலடிக்கு வந்து நின்றார். கடைசியில் டப்ளெற் உணர்ச்சியில்லாத ஒரு குரலில் வாசித்தது.

"வையுங்கோ. பயமாய் இருக்கு."

ஜெறோம் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். வின்சன்ற்றின் கண் நிற்கவில்லை; திரையில் இன்னும் எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன.

"என்னை எடுக்கச் சொல்லி இனி மன்றாடாதை ராசாத்தி."

ஒரு மாதமாக, விடியப்புறத்தில் அவர் நித்திரை என்று எண்ணி, கட்டிலடியில் முழந்தாளிட்டு அவள் கேட்டுவந்தது அதைத்தான். இவரை இனியும் வதைக்காமல் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று, ஒரு நாளும் விடாமல், வாய்விட்டுக் கேட்டிருந்தாள்.

"ஐயோ, என்ரை ராசா! கேட்டுக்கொண்டோ கிடந்தனீங்கள்?"

அவருடைய இரண்டு கண்ணும் நிறைந்து வழிந்தன. டப்ளெற் மறுபடி கண்கள் தெரியவில்லை என்றது. இராசாத்தி சேலைத் தலைப்பால் அவற்றை ஒற்றி ஒற்றித் துடைத்தாள்.